மாத்து மணி

1. முதல் நாள்

நான் அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று உள்ளே நுழையவே வெகு நேரம் ஆனது. எண்பதுகளின் தொடக்கம். ஆவடியில் ரயிலேறி, அம்பத்தூரில் இறங்கி, நியமன உத்தரவைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். உச்சி வெயில். பெரிய கேட்டுக்கு முன்னால் ஒரு திருவிழாக் கூட்டம் நின்றது. வெளியே வரும் பிள்ளைகள் ஒரு பக்கம், உள்ளே போகும் பிள்ளைகள் ஒரு பக்கம். நடுவில் சைக்கிள்கள், ஐஸ் வண்டி, மாங்காய்க் கூடைக்காரி. ஏதோ கலாட்டா என்று நினைத்து ஓரமாக ஒதுங்கினேன்.

கேட்டில் நின்ற வாட்ச்மேன் கோதண்டம் என்னைப் பார்த்து, யாரோ பிள்ளையைத் தேடி வந்த அம்மா என்று எண்ணிக்கொண்டார். "மாத்து டைம்மா இது. கொஞ்சம் அப்டி ஓரமா நில்லுங்க, தானா கொறையும்" என்றார். நான் டீச்சர் என்று தெரிந்த பிறகும் அவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. டீச்சருக்கும் மாத்து டைமில் வழி கிடையாது.

அந்தப் பள்ளியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கூரை போட்ட ஒரே ஒரு நீளக் கட்டடத்தில் கிராமத்துப் பள்ளியாக ஆரம்பித்தது. பக்கத்தில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது. கம்பெனி வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் பிள்ளை வரும். ஏரிப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பங்களெல்லாம் லேத்துக்கும் பவுண்டரிக்கும் பேக்கிங்குக்கும் போயின. பள்ளி உயர்நிலையானது, பிறகு மேல்நிலையானது. கட்டடம் மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை. நான் சேரும்போது ஒவ்வொரு வகுப்பிலும் ஏ, பி, சி என்று ஆரம்பித்து ஜே, கே வரை பிரிவுகள் போயின. ஓலைக் கொட்டகையில் வகுப்பு, சைக்கிள் ஸ்டாண்டில் வகுப்பு, மழை வந்தால் எல்லாரும் வராந்தாவில்.

இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க ஒரே வழி ஷிப்ட். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் காலையில். ஒன்பதும் பத்தும் பகலில். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும் தனிக் கட்டடம், முழு நாள் பள்ளி. உச்சிப் பொழுதில் காலை ஷிப்ட் வெளியே வரும், பகல் ஷிப்ட் உள்ளே போகும். அந்த நேரத்துக்குத்தான் மாத்து டைம் என்று பெயர். அப்பாக்கள் கம்பெனியில் ஷிப்ட் மாறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. எங்களுக்குத்தான் தலைவலி. ஷிப்டை எப்போது ஒழிப்பார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசாத நாள் இல்லை.

நான் அறிவியல் ஆசிரியை. சில வருடங்களில் உதவித் தலைமை ஆசிரியையாக்கிப் பகல் ஷிப்டின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அதாவது சத்தம் போடுகிறவர்களைப் பார்த்து அதைவிடப் பெரிதாகச் சத்தம் போடும் வேலை. எனக்கு அது நன்றாகவே வந்தது.

2. லாரி

ஒரு ஜூன் மாதத்தில் புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். நாங்கள் எச்.எம். என்றுதான் சொல்வோம், இங்கும் அப்படியே சொல்கிறேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டார். அவர் வந்து கொஞ்ச நாளில், மாத்து டைமில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கேட்டுக்கு வெளியே லாரி ஒன்று இடித்துவிட்டது. கூட்டம் ரோட்டுக்கு வழிந்திருந்தது, பையன் நெரிசலில் பின்னால் நகர்ந்திருக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை. தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டான்.

பெற்றோர்கள் கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள். மேலதிகாரி ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டு ஷிப்ட் பிள்ளைகளும் எதிரும் புதிருமாகச் சந்திக்கவே கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது. எச்.எம். அதை அப்படியே செய்தார். காலை ஷிப்ட் இனி ரயில் பாதைப் பக்கம் இருக்கும் பின் கேட் வழியாக மட்டும் போக வேண்டும், அதுவும் ஏ பிரிவு முதலில், பி பிரிவு அடுத்து என்று வரிசையாக. அவர்கள் போய் முடிந்ததும் முன் கேட் திறக்கும். பகல் ஷிப்ட் உள்ளே வந்ததும் பூட்டப்படும். பூட்டிய பிறகு வருகிறவர்களுக்கு அன்று ஆப்சென்ட்.

குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நானும் சரி என்றுதான் சொன்னேன். முன் கேட்டில் கூட்டம் ஒரே வாரத்தில் காணாமல் போனது. ஐஸ் வண்டிக்காரர் மட்டும் வியாபாரம் படுத்துவிட்டதாகப் புலம்பினார்.

ஆனால் வேறு சில கோளாறுகள் தலைதூக்கின. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லாமல் வந்தார்கள். வெறுங்காலோடு வருகிறவர்கள் அதிகமானார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிள்ளைகள் கேட் பூட்டிய பிறகு மூச்சிரைக்க ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திட்டினால் தலையைக் குனிந்துகொண்டார்கள், காரணம் மட்டும் வாயிலிருந்து வராது. கண்டிப்பு போதவில்லை என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் முடிவு செய்தோம். எங்களுக்கு எதற்கும் அந்த ஒரு மருந்துதான் தெரியும்.

3. சத்தம் போடாத வகுப்பு

பத்தாம் வகுப்பு எஃப் பிரிவு எங்கள் பள்ளியிலேயே பேர் போன பிரிவு. வாத்தியார் உள்ளே இருந்தாலும் சத்தம், இல்லாவிட்டாலும் சத்தம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம் ஒரு நாள் நான் ரவுண்ட்ஸ் போனபோது அந்த வகுப்பிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. வாத்தியார் வேறு லீவு. 

எட்டிப் பார்த்தேன். பையன்கள் எல்லாரும் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். அந்தப் பையன்கள் தானாகப் புத்தகம் திறந்து நான் பார்த்ததே இல்லை. பெண் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் இடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், முன் பெஞ்சுகள் காலி. நான் நேராகக் கடைசிக்குப் போனேன். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரிந்துவிடும் என்று அப்படி உட்கார்ந்திருந்தார்கள்.

பெஞ்சுக்குப் பின்னால் தரையில் ஒரு வெள்ளைத் தாவணியை மடித்து விரித்து, அதன்மேல் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வயதுகூட இருக்காது. காலில் கருப்பு மணிக் கயிறு. ஒரு பெண் பரீட்சை அட்டையால் மெதுவாக விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது, குழந்தை சிணுங்கியது, உடனே திரும்பவும் விசிறினாள். அந்த நேரத்தில் என்னைவிடக் குழந்தைதான் அவளுக்குப் பயம்.

அவள் பெயர் பரிமளா. மேனாம்பேட்டிலிருந்து வருகிறவள். படிப்பில் சுமார், கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். வராந்தாவுக்கு அழைத்துப் போய், யார் குழந்தை, இங்கே எப்படி வந்தது என்று அதட்டினேன். தன் தங்கை என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கதையை முறையாகச் சொன்னாள்.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைக்கிறாள், விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். அப்பா லாரியில் போகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. தம்பி ஏழுமலை இதே பள்ளியில் ஏழாம் வகுப்பு, காலை ஷிப்ட். காலையில் குழந்தையைப் பரிமளா பார்த்துக்கொள்வாள். மாத்து டைமுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவாள். தம்பி வெளியே வந்ததும் குழந்தையையும் வீட்டுச் சாவியையும் அவனிடம் கொடுப்பாள். அவன் தன் ஜியாமெட்ரி பாக்ஸையும் செருப்பையும் இவளிடம் கொடுப்பான். இவள் உள்ளே, அவன் வீட்டுக்கு. கேட் மாறும்வரை தினமும் இப்படித்தான் நடந்தது. ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

இப்போது தம்பி பின் கேட் வழியாக வருகிறான். அதுவும் ஜே பிரிவு, கடைசியில்தான் விடுவார்கள். இவள் பின் கேட்டில் காத்திருந்து, குழந்தையைக் கொடுத்துவிட்டு, காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு முன் கேட்டுக்கு ஓடி வருவதற்குள் பூட்டிவிடுகிறார்கள். ஆப்சென்ட் மேல் ஆப்சென்ட். இன்னும் சில நாள் போனால் அட்டெண்டன்ஸ் குறைந்து ஹால் டிக்கெட் வராது என்று கிளாஸ் வாத்தியார் முந்தின நாள் எச்சரித்திருக்கிறார். அதனால் குழந்தையோடு உள்ளேயே வந்துவிட்டாள்.

அக்கம்பக்கத்தில் யாரிடமாவது விட்டுவிட்டு வரக்கூடாதா என்று கேட்டேன்.

"எங்க லைன்ல எல்லா பொம்பளைங்களும் கம்பெனிக்குப் போய்ட்றாங்கோ டீச்சர். பொட்டி இல்லாட்டி கடன் வாங்கிக்கலாம். செருப்பு இல்லாட்டி சும்மா வந்துக்கலாம். கொயந்தைய எங்க டீச்சர் வெக்கிறது?"

வகுப்பு மொத்தமும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தை அழுதால் பாலுக்கு என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினாள். பக்கத்திலேயே மடித்த துணிகள் இருந்தன. குழந்தைக்கு வேண்டியது எல்லாம் இருந்தது, அவளுடைய சாப்பாட்டு டப்பா மட்டும் இல்லை.

அன்று குழந்தையை லேப் அறைக்குத் தூக்கி வரச் சொன்னேன். கடைசி மணி வரை அது அங்கே மேஜைக்கடியில் தூங்கியது. கேட்டில் கோதண்டம் இதைப் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. கேட்டதற்கு, "என் கண்ணுக்கு இன்னா தெரியுது இப்பல்லாம், ஆபரேஷன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

4. சுவரோரம்

மாலையில் எச்.எம். அறைக்குப் போனேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், பள்ளிக்குள் குழந்தையைக் கொண்டுவருவதை எந்த விதியிலும் அனுமதிக்க முடியாது என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன். பரிமளாவின் அட்டெண்டன்ஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே விதி என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விதி இருக்கட்டும், அந்தப் பெண் பரீட்சை எழுத வேண்டாமா என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையனப் பாத்துட்டு வரேன் டீச்சர். கால்ல கம்பி வச்சிருக்காங்க. என்னப் பாத்தா எந்திரிச்சு வணக்கம் சொல்லப் பாக்கறான். ஒரு பொண்ணுக்காக இத்தன பிள்ளைங்கள மறுபடியும் ரோட்டுல நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. என் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஒரு பெண்தானா என்பதை நாளைக்கு வெளியே வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்றார்.

மறுநாள் மாத்து டைமுக்கு முன்பே நானும் அவரும் வெளியே போய், காம்பவுண்டுச் சுவர் ரோட்டோடு திரும்பும் மூலையில், ஒரு டீக்கடை மறைவில் நின்றோம். பள்ளிக்குள் ஒழுங்காகத்தான் இருந்தது. மணி அடித்தது, பின் கேட்டில் ஏ பிரிவு வந்தது, பி பிரிவு வந்தது. வெளியே வந்த பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சுவரோரமாக முன் கேட்டை நோக்கி ஓடினார்கள். முன் கேட்டிலிருந்து பகல் ஷிப்ட் பிள்ளைகள் பின் கேட்டை நோக்கி ஓடி வந்தார்கள். பாதி வழியில், ரோட்டின் விளிம்பில், லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் இரண்டு கூட்டமும் சந்தித்தது.

முன்பு கேட்டுக்கு எதிரில் நடந்ததெல்லாம் இப்போது இங்கே நடந்தது. ஒரு பையன் ஓடும் சைக்கிளிலிருந்து குதித்து இறங்க, அண்ணன் அதே வேகத்தில் ஏறிக்கொண்டான். இரண்டு பிள்ளைகள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து செருப்பு மாற்றினார்கள். சாவி, சாப்பாட்டு டப்பா, அட்லஸ், ஊசி போட வேண்டிய மருந்துச் சீட்டு என்று என்னென்னவோ கைமாறின. இடுப்பில் குழந்தையோடு பரிமளா மட்டும் இல்லை, இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருத்தி தம்பி வந்த பாடில்லை என்று ரோட்டுக்கு நடுவரை போய் எட்டிப் பார்த்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவளை ஒதுக்கிப் போனது. எச்.எம். அரை அடி முன்னால் போய்விட்டார், நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

பரிமளா அப்போதுதான் ஏழுமலையைக் கண்டுபிடித்தாள். குழந்தையைக் கொடுத்தாள், சாவியைக் கொடுத்தாள். குழந்தை அவளை விடாமல் பின்னலைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினாள். நாங்கள் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் போய்ச் சேருவதற்குள் கோதண்டம் கேட்டைப் பூட்டினார். எச்.எம். போட்ட உத்தரவு, பூட்டித்தான் ஆக வேண்டும்.

எச்.எம். நேராகக் கேட்டுக்கு நடந்தார். திறக்கச் சொன்னார். பரிமளாவையும் கூட நின்றவர்களையும் உள்ளே விட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் டீக்கடைக்காரர் கொடுத்த டீ அவர் கையிலேயே இருந்தது, கிளாஸோடு பள்ளிக்குள் வந்துவிட்டார்.

5. மாத்து மணி

அடுத்த வாரம் ஏற்பாடு மாறியது. பகல் ஷிப்ட் பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டைத் திறந்து மைதானத்துக்குள் விட்டுவிடுவது. பி.டி. மாஸ்டர் மைதானத்தின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டார். காலை ஷிப்ட் வகுப்பிலிருந்து மைதானத்தின் அந்தப் பக்கம் வரும், பகல் ஷிப்ட் இந்தப் பக்கம் நிற்கும். ஒரு மணி அடித்ததும் கோட்டோரம் வந்து மாற்றிக்கொள்ள வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த மணிக்கு அவர்கள் பின் கேட்டில் வெளியே, இவர்கள் வகுப்புக்கு. எல்லாம் சுவருக்கு உள்ளே. குழந்தைகள் மைதானம் வரை வரலாம், வகுப்புக்குள் கூடாது. அந்த மணிக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. பிள்ளைகளே மாத்து மணி என்று வைத்துக்கொண்டார்கள்.

மேலதிகாரியின் உத்தரவுக்கு இது நேர் எதிர். ஷிப்டுகள் சந்திக்கக் கூடாது என்று அவர் எழுதியிருந்தார், நாங்கள் மணி அடித்துச் சந்திக்க வைத்தோம். எச்.எம். நடந்ததை எழுதி அனுப்பினார். ஜீப் திரும்பவும் வந்தது. அதிகாரி மைதானத்தில் நின்று மாத்து மணி முழுவதையும் பார்த்தார். ஒரு குழந்தை அவருடைய பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. கிளம்பும்போது, "எழுத்துல கேட்டா நான் முடியாதுன்னுதான் எழுதணும். கேக்காதீங்க, நடத்துங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். என் சர்வீஸில் நான் கேட்ட ஒரே நல்ல உத்தரவு அது.

பரிமளாவின் ஹால் டிக்கெட் அதோடு தீரவில்லை. அதற்குள் விழுந்த ஆப்சென்ட்டுகள் அப்படியே இருந்தன. ஜுரம் என்று டாக்டர் சர்டிபிகேட் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள், மேலிடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எச்.எம். ஒத்துக்கொள்ளவில்லை. எஃப் பிரிவின் கிளாஸ் வாத்தியாரான தமிழ் ஐயாவை வருகைப் பதிவேட்டோடு வரச் சொன்னார். கேட் பூட்டிய காரணத்தால் போட்ட ஆப்சென்ட்டுகளைத் திருத்தச் சொன்னார். பரிமளாவுக்கு மட்டும் இல்லை, அப்படி நின்ற எல்லாருக்கும்.

ஐயா தயங்கினார். "ஆடிட்டுல என்னத்தான் சார் கேப்பாங்க" என்றார்.

"அவங்க வந்தாங்க ஐயா. நாமதான் தொறக்கல. அத நான் எழுதறேன்."

எச்.எம். பேனாவை எடுத்து, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். ஐயா பக்கம் புரட்டிக் கொடுத்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை கடைசிவரை குறையவே இல்லை. அவரிடம் அதைச் சொன்னதும் இல்லை.

பரிமளா பரீட்சை எழுதினாள். ஹால் டிக்கெட் வாங்க வந்தபோது கையெழுத்துப் போட வேண்டும் என்று குழந்தையைச் சட்டென்று என் கையில் கொடுத்தாள். கையெழுத்தை அச்சு மாதிரி நிதானமாகப் போட்டாள். கணக்கில் மயிரிழையில் தப்பி எல்லாப் பாடத்திலும் பாஸ். பிளஸ் ஒன்னில் சேரவில்லை. அம்மா பட்டன் தைத்த அதே கம்பெனியில் செக்கிங்கில் மாதச் சம்பளத்துக்குப் போனாள். அந்த வேலைக்குப் பத்தாவது பாஸ் கேட்டார்கள்.

6. ஒரே ஷிப்ட்

மாத்து மணி பல வருடம் அடித்தது. எச்.எம். ஓய்வு பெற்றுப் பூந்தமல்லிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு மூன்று மாடிக் கட்டடம் வந்தது. நாங்கள் எவ்வளவோ வருடமாகக் கேட்டது. திறப்பு விழாவில் பந்தல், மேளம், பேச்சு. ஜூன் முதல் ஷிப்ட் கிடையாது, எல்லா வகுப்பும் முழு நாள் என்று மேடையில் அறிவித்ததும் ஆசிரியர்கள் எல்லாரும் கை தட்டினோம். அதில் என் கையும் உண்டு. யாருக்குத்தான் பிடிக்காது? வெயிலில் வந்து இருட்டில் வீடு திரும்பும் பிழைப்பு முடிந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. ஒரு மாதம் போனதும் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் சில பெண்கள் வரவே இல்லை என்று தெரிந்தது. டி.சி. வாங்கவில்லை, வேறு பள்ளியிலும் சேரவில்லை. புது எச்.எம். கல்யாணம் ஆகியிருக்கும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை விலாசத்தைக் குறித்துக்கொண்டு மேனாம்பேட்டுக்குப் போனேன்.

முதல் வீட்டிலேயே ஜெயந்தி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவள், நன்றாகவே படித்தவள். இடுப்பில் தம்பி. அம்மா கம்பெனிக்குப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், பக்கத்துக் கடையில் கலர் சோடா வாங்க ஓடப் பார்த்தாள், நான்தான் நிறுத்தினேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். தனக்குக் கீழே எட்டாவது படிக்கும் தங்கை இருக்கிறாள், காலையில் அவள் பள்ளிக்குப் போனால் பகலில் இவள் போவாள், அப்படித்தான் இதுவரை ஓடியது என்றாள். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நேரம். ஒருத்திதான் போக முடியும், சின்னவள் போகிறாள்.

"பாதி நாளுன்னா வந்துர்ப்பேன் டீச்சர். முழு நாளு பள்ளிக்கூடம்னா கொயந்தைய யாரு வெச்சிக்குவா?"

அதே கேள்விதான். வராந்தாவில் நின்று பரிமளா கேட்டது. அன்று இன்னும் நாலு வீடு ஏறி இறங்கினேன், நாலிலும் ஏறக்குறைய இதே கதை. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போகிற ரயிலில் அழுதேன்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். பள்ளியில் எதை மாற்றுவதென்றாலும், கெட்டதை நல்லதாக மாற்றுவதென்றாலும், முதலில் வெளியே போய்ச் சுவரோரம் ஒரு மதியம் நில்லுங்கள். பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே உட்கார்ந்து யோசித்தால் அது தெரியாது. எங்களுக்குத் தெரியவில்லை.

பழைய ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அறையைக் குழந்தைகள் காப்பகமாகக் கொடுக்கச் சொல்லி நான் எழுத ஆரம்பித்தேன். பள்ளி வேறு துறை, குழந்தை வேறு துறை என்று பதில் வரும். திரும்ப எழுதுவேன். ஒவ்வொரு ஆபீஸாகப் போய் உட்கார்ந்து சண்டை போட்டேன், சண்டை போடுவதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. சில வருடம் கழித்து அறை கிடைத்தது, ஆயா கிடைத்தாள், தொட்டில் கயிறு கட்டினோம். அடுத்த ஜூனில் அந்த அறைக்குக் குழந்தையோடு பெண்கள் வந்தார்கள்.

ஜெயந்தியின் தம்பி அதற்குள் வளர்ந்து, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். ஜெயந்தி திரும்பி வரவில்லை.